முதியவர்களின் கைப்பிடி பலத்தை அளப்பது எப்படி: வீட்டுக்கும் தெரு முகாமுக்கும் முழுமையான வழிகாட்டி

கருவியைக் கையில் கொடுத்து "அமுக்குங்க" என்று சொன்னால் ஏதோ ஒரு எண் வந்துவிடும். அந்த எண்ணை நம்பலாமா என்பது, அமுக்குவதற்கு முன்னால் என்ன கேட்டோம், எப்படி உட்கார வைத்தோம் என்பதைப் பொறுத்தது. வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் தெரு முகாம்களில் பிசியோதெரபிஸ்டாக உட்காருகிறேன். புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான். அந்த இடங்களில் மட்டும் நின்று பேசுகிறேன்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறேன். இந்தியா உட்பட 17 நாடுகளில் 35 முதல் 70 வயது வரையிலான சுமார் 1.4 லட்சம் பேரைத் தொடர்ந்து பார்த்த 'பியூர்' ஆய்வு 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கைப்பிடி 5 கிலோ குறையக் குறைய, அந்த ஆய்வுக் காலத்தில் இறக்கும் அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. இரத்த அழுத்தத்தின் மேல் அளவைவிடக் கைப்பிடி நன்றாக முன்னறிவித்தது. இதைப் படித்துவிட்டுப் பந்து வாங்கி அமுக்க ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் முள்ளை விரலால் தள்ளி டேங்க்கை நிரப்ப முடியாது. கை காட்டிக்கொடுப்பது உடம்பு முழுக்க இருக்கும் தசையின் நிலையை, சாப்பாட்டை, நடமாட்டத்தை, உள்ளே ஓடும் நோயை. ஆகவே இந்த வேலையில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வந்திருக்கும் எண் கையின் கதையைச் சொல்கிறதா, உடம்பின் கதையைச் சொல்கிறதா?

1. முன்னதாக எடுத்து வைக்க வேண்டியவை

கைப்பிடி அளக்கும் டைனமோமீட்டர் ஒன்று. பின் சாய்வுள்ள, கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி ஒன்று. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, செகண்ட் காட்டும் கடிகாரம் அல்லது செல்போன், தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா, உலர்ந்த துண்டு, கோடு போட்ட நோட்டு. அவ்வளவுதான்.

நாற்காலி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் தெருக்களில் எந்த விசேஷத்துக்கும் வருவது வாடகை பிளாஸ்டிக் நாற்காலிதான். அதன் கைப்பிடிகள் வளையும், உயரமும் ஒன்றுபோல இருக்காது. அதில் முழங்கையை ஊன்றி அளந்தால் நாற்காலிக்கு நாற்காலி எண் மாறும். உயரமான மர ஸ்டூல் கிடைத்தால் சுவரை ஒட்டிப் போட்டு அதையே எல்லா முறையும் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக்தான் கதி என்றால், கை எங்கும் படாதபடி முன்னால் தள்ளி உட்கார வையுங்கள்.

நேரம் காலை எட்டிலிருந்து பத்துக்குள் இருந்தால் நல்லது. இங்கே வெயிலும் கடற்காற்றின் புழுக்கமும் சேர்ந்தால் பதினோரு மணிக்கே பெரியவர்கள் துவண்டுவிடுவார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு நேராக வந்தவரையும், வெறும் வயிற்றோடு வந்தவரையும் உட்காரச் சொல்லி, தண்ணீரோ டீயோ கொடுத்து, கால் மணி நேரம் கழித்து அளங்கள். இல்லாவிட்டால் அன்றைய களைப்பைத்தான் அளந்திருப்பீர்கள்.

2. ஆளைத் தொடுவதற்கு முன் கருவியைச் சோதிப்பது

மூன்று வகைக் கருவிகள் புழக்கத்தில் உண்டு. மருத்துவமனைகளில் இருப்பது பெரும்பாலும் ஜமார் போன்ற எண்ணெய் அழுத்த வகை. ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பது பேட்டரியில் ஓடும் டிஜிட்டல் வகை. மூன்றாவது ஸ்மெட்லி என்கிற ஸ்பிரிங் வகை. 2017-18-ல் நாடு முழுக்க 45 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த 'லாசி' கணக்கெடுப்பில் ஸ்மெட்லி வகையைத்தான் பயன்படுத்தினார்கள்.

எது இருந்தாலும் சரி, ஒருவருக்கு ஒரு முறை ஒரு கருவியிலும் அடுத்த முறை வேறு கருவியிலும் அளந்து ஒப்பிடாதீர்கள். இரண்டு வகைக் கருவிகளுக்கு இடையில் சில கிலோ வித்தியாசம் சாதாரணமாகவே வரும்.

முதலில் அலகைப் பாருங்கள். டிஜிட்டல் கருவியில் கிலோவும் பவுண்டும் ஒரே பொத்தானில் மாறும். ஒல்லியான ஆயா ஒருவருக்கு 40 என்று வந்தால் மகிழ்ச்சி அடைவதற்கு முன் திரையின் ஓரத்தைப் பாருங்கள், பவுண்டில் இருக்கும்.

அடுத்து எடை கட்டிச் சோதியுங்கள். வீட்டில் வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இதற்குப் போதும். கேனில் விளிம்பு வரை நிரப்பியிருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். பழைய பேப்பர் கடை தராசிலோ மளிகைக் கடை தராசிலோ வைத்து உண்மையான எடையை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்டூல்களைக் கருவி நழுவி விழாத அளவுக்குச் சின்ன இடைவெளி விட்டுப் போட்டு, உள்ளங்கை படும் பக்கம் கீழேயும் விரல்கள் பிடிக்கும் கம்பி மேலேயும் வருமாறு கருவியைக் குறுக்கே வையுங்கள். கம்பியின் நடுவில் உறுதியான நாடாவைப் போட்டு, கேனை மெதுவாகத் தொங்கவிடுங்கள். தொப்பென்று விட்டால் அந்தக் குலுக்கலே எண்ணை ஏற்றிவிடும், ஏனென்றால் கருவி உச்ச அளவைத்தான் பிடித்து வைக்கும். கடைத் தராசின் எடையும் கருவியின் எண்ணும் ஒரு கிலோவுக்குள் ஒத்துப்போனால் வேலைக்கு ஆகும். அதற்கு மேல் விலகினால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்படியும் விலகினால் அந்தக் கருவியை ஒதுக்கிவிடுங்கள். எண்ணெய் அழுத்த வகையை வருடத்துக்கு ஒரு முறை அளவுத்திருத்தத்துக்கு அனுப்புவது வழக்கம்.

டிஜிட்டல் கருவிகள் வயதைக் கேட்டுவிட்டு 'பலவீனம், சாதாரணம், பலம்' என்று தானாகத் தீர்ப்புச் சொல்லும். அது யாரை வைத்துப் போட்ட கணக்கு என்பது பெட்டியில் எழுதியிருக்காது. எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. இன்று யாருக்கு அளக்கக் கூடாது

முழு பலத்தோடு அமுக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். கண்ணுக்குள்ளும் அழுத்தம் ஏறும். அதனால் இந்தக் கேள்விகளைக் கருவியை எடுப்பதற்கு முன்பே கேட்டு முடித்துவிட வேண்டும்.

சமீபத்தில் கண்புரை அல்லது வேறு கண் அறுவை சிகிச்சை நடந்ததா? இதயத்தில் அறுவை சிகிச்சையோ ஸ்டென்டோ வைத்துச் சில வாரங்கள்தான் ஆகிறதா? இப்போது நெஞ்சு வலிக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அவருடைய மருத்துவர் சரி சொல்லும் வரை வேண்டாம். இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 180-ஐத் தாண்டினால் நான் அன்றைக்கு அளப்பதில்லை. உட்கார வைத்து மறுபடி பார்ப்பேன், அப்போதும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் அனுப்புவேன்.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஒரு கையில் ஃபிஸ்டுலா போட்டிருப்பார்கள், அதாவது டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்திருப்பார்கள். அந்தக் கையைத் தொடவே வேண்டாம். மறு கையில் மட்டும் அளந்து, அப்படி அளந்ததையும் எழுதுங்கள். எலும்பு முறிந்து கட்டுப் பிரித்துச் சில நாட்களே ஆன கைக்கும், ஊசி குத்தி வீங்கியிருக்கும் கைக்கும் அப்படியே.

ஒரு கை மட்டும் திடீரென்று, நேற்றோ இன்று காலையிலோ தளர்ந்தது என்று யாராவது சொன்னால் இந்த வழிகாட்டியை மூடி வையுங்கள். வாய் கோணுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்தபடியே 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் போகிற ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு நஷ்டம்.

4. அமுக்குவதற்கு முன் கையைப் படிப்பது

புதியவர்கள் தவறாமல் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். வரிசை நீண்டுகொண்டே போகும்போது, கையைப் பார்க்க ஒரு நிமிடம் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் இந்த ஒரு நிமிடம் இல்லாவிட்டால் பிறகு வரும் எண்ணுக்கு அர்த்தம் சொல்லவே முடியாது.

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வணக்கம் வைக்கச் சொல்லுங்கள். விரல்களும் உள்ளங்கையும் இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். பல வருடச் சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு விரல் மூட்டுகளைச் சுற்றியுள்ள தோலும் திசுவும் இறுகி, வணக்கம் வைக்கும்போது நடுவில் ஒரு சந்து தெரியும். அவர்களுக்குக் கைப்பிடி குறைவாக வந்தால் காரணத்தில் ஒரு பங்கு அந்த இறுக்கம்.

பிறகு கேளுங்கள்: இரவில் கை மரத்துப்போய் எழுந்து உதறுகிறீர்களா? அப்படியென்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு விரல் மடக்கினால் மாட்டிக்கொண்டு 'டக்' என்று விடுபடுகிறதா? சிக்குன்குனியா வந்து போன பிறகு மூட்டு வலி நிற்கவே இல்லையா? அமுக்கினால் கட்டைவிரல் அடியில் வலிக்குமா? கழுத்திலிருந்து கைக்கு வலி இறங்குகிறதா?

வலி இருக்கிற கை முழு பலத்தைக் கொடுக்காது. அது தசை குறைந்ததால் அல்ல, மூளை அனுமதிக்காததால். அப்படிப்பட்டவரிடம் எண் எடுக்கலாம், ஆனால் பக்கத்தில் 'வலி' என்று எழுதிவிட வேண்டும்.

எது பலக் கை என்று கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. "எந்தக் கையில சாப்பிடுவீங்க?" என்று தன்னார்வலர்கள் கேட்பார்கள். நம் ஊரில் இடது கைக்காரரும் வலது கையில்தான் சாப்பிடுவார், அப்படித்தான் சிறு வயதில் அடித்துப் பழக்கியிருப்பார்கள். எழுதும் கையைக் கேட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவர் கூச்சப்படுவார். "சுத்தியல் எந்தக் கையில புடிப்பீங்க நைனா?", "துடைப்பம் எந்தக் கை ஆயா?" என்று கேளுங்கள். பதில் யோசிக்காமல் வரும், சரியாகவும் வரும்.

அப்படியே அன்றாட வேலைகளையும் விசாரித்துவிடுங்கள். ஈரப் போர்வையைப் பிழிய முடிகிறதா? அடிபம்பில் ஒரு குடம் அடிக்க முடிகிறதா? தண்ணீர் பாட்டில் மூடியைப் பேரப்பிள்ளைதான் திறந்து கொடுக்கிறதா? இந்த மாற்றங்கள் எப்போது தொடங்கின? கருவி இன்றைக்கு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். எப்போதிலிருந்து குறைகிறது என்பது இந்தப் பதில்களில்தான் கிடைக்கும்.

5. உட்கார வைக்கும் முறை

ஆசிய சார்கோபீனியா (முதுமையில் தசையும் பலமும் குறைவது) பணிக்குழு 2019-ல் வெளியிட்ட பரிந்துரை தெளிவாக இருக்கிறது. ஜமார் வகைக்கு உட்கார்ந்து, முழங்கையை 90 பாகை மடக்கி அளக்க வேண்டும். ஸ்மெட்லி வகைக்கு நின்று, கையை நேராகத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். நிற்க முடியாதவரை உட்கார வைக்கலாம். டிஜிட்டல் கருவிக்கு நான் ஜமார் முறையையே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பட வேண்டும். குள்ளமானவர் என்றால் காலுக்கு அடியில் பலகை வையுங்கள். கால் தொங்கினால் இடுப்பு நிலையாக இருக்காது, இடுப்பு ஆடினால் பிடியும் ஆடும். தோள் தளர்வாக, மேல் கை விலாவை ஒட்டி, கட்டைவிரல் மேலே பார்த்தபடி, மணிக்கட்டு நேராகவோ சற்றே பின்னால் சாய்ந்தோ இருக்கட்டும். மணிக்கட்டு உள்பக்கம் மடங்கிவிட்டால் விரலை மடக்கும் தசைநாண்கள் தளர்ந்து பலம் விழுந்துவிடும். வேண்டுமானால் உங்கள் மணிக்கட்டை உள்ளே மடக்கிக்கொண்டு இப்போதே முஷ்டி பிடித்துப் பாருங்கள்.

கருவியின் அடியில் உங்கள் விரல்களை லேசாக வைத்து எடையை மட்டும் தாங்குங்கள். இழுக்கவோ தள்ளவோ கூடாது.

மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். கழலாத மோதிரம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், உலோகம் அழுத்தி வலித்தால் பாதியில் விட்டுவிடுவார்கள். வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டால் போதும். உள்ளங்கையைத் துண்டால் துடைப்பது கட்டாயம். வியர்வை ஒரு காரணம். இன்னொன்று, காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு அப்படியே வரும் ஆயாக்கள். தேங்காய் எண்ணெய்க் கையில் கம்பி வழுக்கும், வழுக்கும் என்று தெரிந்தால் யாரும் முழுதாக இறுக்க மாட்டார்கள்.

6. பிடியின் அகலம்

ஜமாரில் ஐந்து நிலைகள் உண்டு, பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது நிலை பொருந்தும். மற்றக் கருவிகளில் திருகிச் சரிசெய்யலாம். பிடித்திருக்கும்போது நடுவிரலின் இரண்டாவது கணு ஏறக்குறையச் செங்கோணத்தில் மடங்கியிருந்தால் சரி. அதிகம் விரிந்தால் விரல் நுனிகள்தான் வேலை செய்யும், அதிகம் குறுகினால் தசைக்குச் சுருங்க இடமிருக்காது.

வைத்த நிலையை எழுதிவிடுங்கள். அடுத்த முறை வேறொருவர் அளக்கும்போது இந்த ஒரு குறிப்பு இல்லாததாலேயே பழைய எண் வீணாகும்.

7. அமுக்க வைப்பது

ஒரு முறை லேசாக அமுக்கிப் பழகச் சொல்லுங்கள். அது கணக்கில் வராது. பிறகு எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். முள் வைத்த கருவியில் உச்ச முள்ளைக் கையால் திருப்பி வைக்க வேண்டும். அதை மறந்தால் இரண்டாவது ஆளுக்கு முதல் ஆளின் பலம் போய்ச் சேரும்.

சொல்லும் வார்த்தை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒருவரை உற்சாகப்படுத்திவிட்டு இன்னொருவரிடம் சும்மா இருந்தால் ஒப்பிட முடியாது. நான் சொல்வது: "மூச்சை விட்டுக்கிட்டே அமுக்குங்க. இறுக்கி, இன்னும் இறுக்கி, இன்னும், விடுங்க." மூன்றிலிருந்து ஐந்து செகண்ட் போதும். மூச்சை அடக்குகிறார்களா என்று முகத்தைப் பாருங்கள். கழுத்து நரம்பு புடைத்து முகம் சிவந்தால் அந்த முயற்சியை நிறுத்துங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சத்தமா எண்ணிக்கிட்டே அமுக்குங்க" என்றால் மூச்சு தானாகப் போகும்.

வலது, இடது, வலது, இடது என்று மாற்றி மாற்றி ஒவ்வொரு கையிலும் மூன்று முறை. மாற்றுவதன் காரணம், ஒரு கை அமுக்கும்போது மறு கைக்கு ஓய்வு கிடைக்கும். ஒரே கைக்கு இரண்டு முயற்சிக்கும் நடுவே ஒரு நிமிடமாவது போகட்டும்.

திரையை அவர் பக்கம் காட்டாதீர்கள், எண்ணைச் சத்தமாகச் சொல்லவும் வேண்டாம். நம் தெருவில் சுற்றி நிற்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் குத்துச்சண்டை பழகிய பெரியவர் உட்கார்ந்தால் கேரம் கிளப்பே எழுந்து வந்து பந்தயம் கட்டும். அவரும் விடாமல் தோளைத் தூக்கி, உடம்பை முறுக்கி, மூச்சை அடக்கி இறுக்குவார். அடுத்து உட்காருபவரோ, "எனக்கு வேணாம்பா" என்று எழுந்து போய்விடுவார். முகாமில் இந்த இடத்துக்கு மட்டும் ஒரு தடுப்புச் சேலை கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்று எண்களும் ஏறிக்கொண்டே போனால், உதாரணத்துக்கு 14, 17, 20 என்றால், அவர் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். ஓய்வு கொடுத்து நான்காவது முறை எடுங்கள். இறங்கிக்கொண்டே போனால் வலியா, களைப்பா என்று கேளுங்கள்.

8. எழுதுவது

ஆறு எண்களையும் எழுதுங்கள், பெரிய எண்ணை வட்டமிடுங்கள். வலது 17, 19, 18, இடது 15, 16, 16 என்றால் அவருடைய அளவு 19. சராசரி எடுக்கும் முறையும் உண்டு. ஆனால் கீழே சொல்லப்போகும் எல்லைக்கோடு உச்ச அளவுக்கானது, சராசரியை அதோடு ஒப்பிட்டால் நல்லவரும் கோட்டுக்குக் கீழே விழுவார்.

கூடவே தேதி, நேரம், கருவி, பிடியின் நிலை, பலக் கை, வலி உண்டா, உட்கார்ந்தா நின்றா என்பதும் இருக்க வேண்டும். வயதை ஆதார் அட்டையிலிருந்து எழுதும்போது ஜனவரி 1 என்று பிறந்த தேதி இருந்தால் அதை முழுதாக நம்ப வேண்டாம்.

9. எண்ணைப் படிப்பது

ஆசியப் பணிக்குழுவின் எல்லைக்கோடு: ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழ், பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழ் என்றால் கைப்பிடி குறைவு. ஐரோப்பியக் குழுவின் கோடு 27, 16. இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கும். நமக்கு ஆசியக் கோடு பொருத்தம் என்பது என் கருத்து. எதை எடுத்தாலும் முகாம் முழுக்க ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டுக்குக் கீழே வந்தவுடன் 'நோய்' என்று சொல்லிவிடக் கூடாது. வயதானவர்களுக்குத் தசையும் பலமும் குறையும் நிலையை சார்கோபீனியா என்கிறோம். கைப்பிடி குறைந்தால் 'அப்படி இருக்கலாம்' என்ற சந்தேகம் மட்டுமே எழுகிறது. உறுதி செய்ய மருத்துவமனையில் தசை அளவு பார்க்க வேண்டும்.

இரண்டு பேரை வைத்துச் சொல்கிறேன். நாலே முக்கால் அடி உயரம், நாற்பது கிலோ எடை, வீட்டு வாசலில் இட்லி சுட்டு விற்கும் ஒரு பாட்டி. எண் 17. கோட்டுக்குக் கீழே. ஆனால் நாற்காலியிலிருந்து விசுக்கென்று எழுகிறார், மாவுக் குண்டானை ஒரே ஆளாகத் தூக்குகிறார். இவருக்குச் சொல்ல வேண்டியது, ஆறு மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்பதுதான். இன்னொருவர் காசிமேட்டில் வலை பின்னும் பெரியவர். நூலை இழுத்து முடிச்சுப் போட்டுப் போட்டு விரல்கள் இரும்பாகிவிட்டன. எண் 34. ஆனால் நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் தொடையில் ஊன்றுகிறார், கால் சூம்பியிருக்கிறது. கை மட்டும் பார்த்து அனுப்பியிருந்தால் இவரைத் தவறவிட்டிருப்போம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், மீன்பாடி வண்டி மிதித்தவர்கள், காலமெல்லாம் துணி துவைத்தவர்கள் இருக்கிற ஊர் இது. தொழில் கையைக் காப்பாற்றி வைத்திருக்கும், உடம்பைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை.

இன்னொன்று, வலது இடது வித்தியாசம். பலக் கை சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. ஒரு கை மற்றதில் பாதிதான் என்றால் அது அநேகமாகக் கையின், கழுத்தின், நரம்பின் கதை. இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால்தான் உடம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

10. காலையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்

நாற்காலியைச் சுவரில் முட்டுக் கொடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், அப்படி விழுந்து இடுப்பு முறிந்தால் முகாம் நடத்தியதற்கே வருந்த வேண்டியிருக்கும். கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 செகண்டோ அதற்கு மேலோ ஆனால் ஆசியப் பணிக்குழு அதையும் குறைவு என்கிறது. ஒருவர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். கையை ஊன்றாமல் எழவே முடியாதவரிடம் நேரம் பார்க்க வேண்டாம், 'முடியவில்லை' என்று எழுதினால் போதும்.

நாடாவால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளங்கள். ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் தசை குறைந்திருக்கலாம். கால் வீங்கியவருக்கு இந்த அளவு பொய் சொல்லும். விரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்த்துவிட்டு அளங்கள்.

டைனமோமீட்டரே கிடைக்காத இடத்தில் எழுந்து உட்காரும் சோதனையை மட்டும் வைத்து முகாமை நடத்தலாம். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

11. குறைவாக வந்தவரை எங்கே, என்ன சொல்லி அனுப்புவது

கை சம்பந்தமான அறிகுறி இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, கை அறுவை சிகிச்சைக்கும் கை மறுவாழ்வுக்கும் அங்கே தனித் துறையே உண்டு. கை நன்றாக இருந்து இரண்டு பக்கமும் குறைந்திருந்தால், அருகில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். சர்க்கரை, தைராய்டு, இரத்தசோகை, வைட்டமின் பி12, வைட்டமின் டி, சாப்பிடும் மாத்திரைகள், எடை இழப்பு, மனச்சோர்வு ஆகியவற்றை மருத்துவர் பார்க்க வேண்டும். நோட்டில் இருப்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். 'கைப்பிடி குறைவு' என்று வாயால் சொல்லி அனுப்பினால் 'கை வலியாம்' என்றுதான் போய்ச் சேரும். வெளியே வர முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வரும், சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

பயிற்சி என்றால் ஸ்பாஞ்சுப் பந்தைத் தேடாதீர்கள். பந்து அமுக்கினால் பந்து அமுக்கும் பலம்தான் கூடும். உலக சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்வது: வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்கெல்லாம் வலுவூட்டும் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. எங்கள் பக்கம் இருக்கும் பத்துக்குப் பத்து அறையிலேயே இதைச் செய்யலாம். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, இரண்டு பையில் சம எடை போட்டு வராந்தாவில் நடப்பது. பத்து முறை சுலபமாக வந்தால் எடையையோ எண்ணிக்கையையோ கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் தசைக்கு வளரக் காரணமே இல்லை.

சாப்பாட்டில் நான் முதலில் கேட்பது இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று. "டீயும் பொறையும்" என்ற பதில் அடிக்கடி வரும். முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 50 கிலோ உள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குத்தான் இருக்கிறது. ஆகவே நெத்திலி மீன், காரப்பொடி மீன், சுண்டல், பயறு, தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது இருக்க வேண்டும். பல் இல்லாதவருக்குப் பயறை மசித்துக் கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

12. மறு அளவு

மூன்று மாதம் ஆவதற்கு முன் கைப்பிடியை மறுபடி அளப்பதில் பலனில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்றால் தெரு முகாமுக்கு வசதி. அதே கருவி, அதே ஸ்டூல், அதே பிடி நிலை, அதே வேளை.

ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவதைப் பெரிதாக எடுக்காதீர்கள். அது தூக்கம், மனநிலை, அன்றைய வெயில் எதுவாகவும் இருக்கலாம். சுமார் 5 கிலோ மாறினால்தான் அதை உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்வது வழக்கம். கோட்டுக்கு மேலேயே இருந்தாலும் 38-லிருந்து 32-க்கு இறங்கியவரை விசாரியுங்கள். இடையில் காய்ச்சலில் படுத்தாரா, மருத்துவமனையில் இருந்தாரா, துணையை இழந்தாரா, வீடு மாறி மாடிப்படி ஏற முடியாமல் உள்ளேயே முடங்கிவிட்டாரா என்று கேளுங்கள். படுக்கையில் கிடந்து எழுந்தவர் என்றால் ஆறு மாதம் காத்திருக்காமல், ஒரு மாதத்தில் எழுந்து உட்காரும் சோதனையை மட்டும் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.